காற்று போதாத வேன்

நிறுத்தி வைத்திருந்த வேனில், கடைசி ஜன்னல் கண்ணாடியில் மட்டும் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது.

மானோப் அதை வெளியிலிருந்து எண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்து, துடைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் பக்கக் கதவை இழுத்துத் திறந்து, இருக்கைகளுக்கு நடுவே குனிந்தபடி பின்னால் போய் உள்ளிருந்து துடைத்தான். விடிந்ததிலிருந்து வட தாய்லாந்தின் லம்பாங்கில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மழைநாளில் கண்ணாடியில் ஆவி படிவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் படிந்தால் எல்லாக் கண்ணாடியிலும் படியவேண்டும். இது முந்தின நாள் மாலையில் பூட்டிய வண்டி. அதற்குப் பிறகு யாரும் ஏறவில்லை. துடைத்த இடத்தில் விரலை வைத்தான். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்கு மேல் அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு வேறு கவலை இருந்தது.

அவன் மனைவி அனோங் அந்த வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். விடுமுறை முடிந்து மறுநாள் பள்ளி திறக்கிறது. பழைய எஞ்சின் விடுமுறைக்கு முன்பே கைவிட்டுவிட்டதால், லம்பூன் சாலையில் பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கிடங்குக்குப் போய், அதே ரக வேனின் எஞ்சின் ஒன்றை எடுத்துவந்து மானோப்பே பொருத்தினான். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. கிடங்குக்காரர் சீன வம்சாவளி. சீனர் வீட்டு மூத்த ஆண்களைக் கூப்பிடுகிற மாதிரி ஊரே அவரை ஹியா என்று கூப்பிடும். அவர் அந்த வேனின் கடைசி இருக்கையையும் சும்மாவே தூக்கிக் கொடுத்தார். நீல ரெக்சின் போட்ட நீள இருக்கை. ஒரு கிழிசல் இல்லை. மானோப் அதை வேனின் பின்வரிசையில் முடுக்கினான்.

பொருத்திய நாளிலிருந்து எஞ்சின் கரும்புகை கக்கியது. விடுமுறைச் சிறப்பு வகுப்புக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போன சில நாட்களிலேயே ஒரு பையன் வாந்தி எடுத்தான், இரண்டு பெண்கள் தலைவலி என்று அழுதார்கள். கடைசியாக ஓட்டிய நாளில் அவர்களுடைய மகள் பிம், ஓட்டுகிறவளின் பிள்ளை என்பதால் எப்போதும் கடைசியில் இறங்குகிற ஆறு வயதுக்காரி, நீல இருக்கையில் தூங்கிப்போனாள். எழுப்ப எழுப்ப எழவில்லை. தூக்கி வெளியே கொண்டுவந்து முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். கன்னங்கள் செக்கச்செவேல் என்றிருந்தன.

அரைகுறையாக எரிந்த பெட்ரோலின் புகை மூடிய வண்டிக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று மானோப்புக்குத் தெரியும். அதில் கலந்திருக்கிற விஷவாயுவுக்கு வாசனை கூடக் கிடையாது. தூக்கம் வரும், அவ்வளவுதான். இன்றைக்குள் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் நாளை காலை பிம் உட்பட ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் இதில் ஏறி உட்காருவார்கள்.

அந்த ரக வேனில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். இருக்கையை நிமிர்த்தி வைத்து, வண்டிக்குள் உட்கார்ந்துதான் வேலை பார்க்கவேண்டும். அவன் பிளக்குகளைக் கழற்றினான். நேற்று மாலை பளபளவென்று சுத்தம் செய்து மாட்டியவை. இன்று காலை கொஞ்ச நேரம்தான் ஓடவிட்டிருந்தான். நான்கும் அடுப்புக்கரி போலக் கறுத்து, கரியின் மேல் பெட்ரோல் ஈரத்தோடு வந்தன. முகர்ந்து பார்த்தான். பெட்ரோல் நெடிக்குள் இன்னொரு வாசனையும் இருந்தது: இனிப்பாக, புளித்தாற்போல, நாள் முழுக்க வெயிலில் வைத்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் வருமே, அப்படி.

அனோங் குடையோடு கொட்டகைக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

“என்ன டாக்டரே, நோயாளி பிழைப்பாரா?”

“பெட்ரோலை அளவுக்கு மேல குடிக்குது. எங்க இருந்து குடிக்குதுன்னுதான் தெரியல.”

“குடிகாரன் கிட்ட போய் எங்க குடிச்சேன்னு கேட்டா சொல்லுவானா? ஸ்கூல் வாசல்ல அந்த டீச்சர் இருக்காளே, அவ கேக்கறா, ‘அனோங் அக்கா, உங்க வேன் வருதா, இல்ல யாராச்சும் டயர் கொளுத்துறாங்களா’ன்னு.”

“நாளைக்கு அவளையும் ஏத்திட்டுப் போ.”

“சிரிக்காதீங்க பிம் அப்பா.” அவள் குரல் இறங்கியது. “பிம்முக்கு இன்னும் அந்தத் தூக்கம் போகல. மத்தியானம் படுத்தா எழுந்திரிக்கவே மாட்டேங்குறா. முடியலன்னா சொல்லிடுங்க, வண்டி வரலைன்னு வீடுவீடா போன் பண்ணிடறேன்.”

“சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்.”

அவள் வீட்டுக்குள் போனாள். அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். பெட்ரோல் அழுத்தம் பார்த்தான், சரியாக இருந்தது. பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் நான்கையும் வெளியே எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் பீய்ச்ச வைத்துப் பார்த்தான், எதுவும் சொட்டவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று தப்பாகச் சொல்லி அதிகப் பெட்ரோல் கேட்டு வாங்குகிற வெப்ப சென்சாரை ஏற்கெனவே மாற்றியிருந்தான். புகைக்குழாயில் இருக்கிற சென்சாரையும் மாற்றியிருந்தான். சோதனைக் கருவியை மாட்டி ஓடவிட்டால், புகையில் பிராணவாயு இல்லை, இல்லை, இல்லை என்றே அந்தப் புதிய சென்சாரும் சொன்னது.

பெட்ரோல் கூடினாலும் கரும்புகை வரும், காற்று குறைந்தாலும் கரும்புகை வரும். அறிகுறி ஒன்றுதான். இத்தனை நாளும் அவன் கூடின பெட்ரோலையே தேடிக்கொண்டிருந்தான். பெட்ரோலில் குற்றமில்லை என்றால் காற்றுதான் எங்கோ குறைகிறது. காற்று வடிகட்டியை எடுத்துப் பார்த்தான். புதுத் தாள், வெள்ளை வெளேர் என்று இருந்தது. காற்று வரும் குழாய் முன் பம்பருக்குப் பின்னாலிருந்து தரைக்கு அடியிலேயே வருகிறது. அதற்குள் துணியை விட்டு இழுத்தான். ஒரு இலை கூட இல்லை.

எஞ்சினை ஓடவிட்டான். பக்கக் கதவு திறந்திருந்தது. சத்தம் சீராக, பட்டுத்துணி கிழிக்கிற மாதிரி ஓடியது. புகைக்குழாயின் வாயில் வெறும் ஆவிதான். கருவியின் எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. வடிகட்டியை எடுத்து மாட்டியதில் ஏதோ சரியாகிவிட்டது என்று நினைத்து அவன் மூச்சுவிட்டபோது, காற்று திசை மாறி மழைச்சாரல் வண்டிக்குள் அடித்தது. எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

எஞ்சின் தடுமாறியது. கனத்தது. பின்கண்ணாடியில் கரும்புகை எழும்புவது தெரிந்தது.

கதவைத் திறந்தான். சீரானது.

சாத்தினான். கனத்தது.

பல முறை செய்து பார்த்தான். வண்டியின் உள்ளறைக்கும் எஞ்சின் குடிக்கிற காற்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அந்தக் குழாயை இப்போதுதான் முழுக்கப் பார்த்திருந்தான். கதவு திறந்தால் என்ன, மூடினால் என்ன. ஆனாலும் மூடினால் காற்று குறைந்தது. மூடியிருக்கும்போது எஞ்சின் கனத்த விதத்திலும் ஓர் ஒழுங்கு இருப்பதை அவன் காது கண்டுகொண்டது. ஒரேயடியாகக் கனக்கவில்லை. கனத்து, லேசாகி, கனத்து, லேசாகி. ஆரம்பத்தில் நிதானமாக. மூடி வைக்க வைக்க, வேகமாக.

சாவியைத் திருப்பி அணைத்தான்.

தகரக் கூரையில் மழை. வீட்டுக்குள் அனோங் பாத்திரம் வைக்கும் சத்தம். எஞ்சின் ஆறும்போது இரும்பு விடுகிற டிக், டிக். வடிகட்டியை மறுபடி கழற்றினான். காற்று நுழையும் வாய் வெறுமையாகத் திறந்திருந்தது. உறிஞ்சும் பலம் தெரிய ஓடுகிற எஞ்சினில் அந்த வாயின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதுதான். அணைத்த எஞ்சினில் யாரும் வைத்துப் பார்க்கமாட்டார்கள். அவன் ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

உள்ளங்கையை ஏதோ இழுத்தது.

மெல்ல. பிறகு விட்டது. வெதுவெதுப்பான காற்று விரல் சந்துகளில் பட்டது. மறுபடி இழுத்தது.

அவன் கையை உடனே எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை. பிம் பிறந்த புதிதில், தொட்டிலில் சத்தமே இல்லாமல் கிடப்பாள். மூச்சு இருக்கிறதா என்று அவள் மூக்கடியில் இப்படித்தான் கை வைத்துப் பார்ப்பான். அதே அளவு. அதே சூடு.

தலையைத் திருப்பினான். பின்னால், நீல இருக்கைக்கு மேலே, காலையில் அவன் துடைத்த ஜன்னலில் மறுபடி ஆவி படிந்திருந்தது. ஓரங்கள் விரிந்தன. சுருங்கின. விரிந்தன.

கொட்டகையின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டுதான் ஹியாவுக்குப் போன் செய்தான்.

“என்ன தம்பி, ஞாயித்துக்கிழமை கூட மனுஷனை விடமாட்டியா?”

“ஹியா, அந்த வேன் எங்க முட்டினது?”

“எந்த வேன்?”

“நான் எஞ்சினும் நீல சீட்டும் எடுத்தேனே.”

“முட்டினதா? ஒரு கீறல் கிடையாதுப்பா. அதனாலதான உனக்கு அவ்வளவு நல்ல எஞ்சின் கிடைச்சுது.”

“கீறல் இல்லாத வண்டிய ஏன் வெட்டினீங்க?”

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஹியா அதன் சத்தத்தைக் குறைத்தார்.

“முழுசா வாங்க ஆளில்ல.”

“ஹியா. என் பிள்ளை போற வண்டி.”

ஹியா தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு அவர் குரலில் வியாபாரம் போய்விட்டிருந்தது.

“பாலர் பள்ளி வண்டிப்பா அது. தெற்க எங்கயோ. நல்ல கோடை. எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு டிரைவர் பூட்டிட்டுப் போயிட்டான். பின் சீட்ல பிள்ளை ஒண்ணு தூங்கிட்டு இருந்திருக்கு. சாயங்காலம் வந்துதான் திறந்தாங்க. கண்ணாடி முழுக்க உள்பக்கம் வேர்த்திருந்துச்சாம்.”

“சொல்லலையே ஹியா.”

“எஞ்சினுக்கு என்னப்பா தெரியும்? அதுவுமில்லாம, நீதான் முறையா ஊதுவத்தி வச்சுக் கும்பிட்டு எடுத்தியே. நான் பக்கத்துலதான நின்னேன். வா வான்னு எவ்வளவு அழகா கூப்பிட்டே.”

மானோப் போனை வைத்தான்.

ஆமாம், கூப்பிட்டிருந்தான். ஒவ்வொரு வண்டிக்கும் காவலாக ஒரு தாய்த் தெய்வம் உண்டு. கண்ணாடியில் மாலை போட்டுக் கும்பிடுவதெல்லாம் அவளைத்தான். ஒரு வண்டியின் எஞ்சினைப் பிரித்து இன்னொன்றில் வைக்கும்போது அவளிடம் சொல்லி, அழைத்து, கூடவே கூட்டிவரவேண்டும். கேட்காமல் எடுத்தால் அவள் கோபித்துக்கொள்வாள். அன்றைக்கு அவன் கையில் படையல் எதுவும் இல்லை. கிடங்கு வாசல் பெட்டிக்கடையில் சிவப்பு சோடா மட்டும்தான் இருந்தது. ஒரு புட்டி வாங்கி, திறந்து, உறிஞ்சுகுழல் போட்டு அந்த அறுபட்ட வேனின் முன்னால் வைத்தான். சிவப்பு சோடா இறந்துபோன பிள்ளைகளுக்கு வைக்கிற படையல் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. தெரு முனைக் கோயிலில் தினம் பார்ப்பதுதான். தாய்க்கும் பிடிக்காமலா போகும் என்று நினைத்தான். கைகூப்பி மனதார, மரியாதையாகச் சொன்னான்: ‘வாங்க. நம்ம வீட்டுக்குப் போகலாம். தனியா விட்டுட்டுப் போகமாட்டோம்.’

அங்கே இருந்தது யார் என்று அவன் கேட்கவில்லை.

மழை கொஞ்சம் அடங்கியிருந்தது. சாயங்கால வெளிச்சம் கொட்டகைக்குள் மங்கலாக, அழுக்குத் தண்ணீர் நிறத்தில் நின்றது. அவனுக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்துக்குக் கீழே, அதைவிடக் கனமாக இன்னொன்று இருந்தது. பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்று ஒருவன் கூப்பிட்டான். ஏறி வந்தது. வந்த இடத்தில் மறுபடி கதவைச் சாத்திவிட்டார்கள். அது காற்றுக்குத் தவிக்கிறது. எஞ்சின் குடிக்கிற காற்றையும் சேர்த்து இழுக்கிறது.

அப்படியென்றால் கோளாறு இதுதான். கோளாறு தெரிந்துவிட்டால் அவனுக்குக் கை நடுங்காது.

வடிகட்டியை மாட்டி எஞ்சினை ஓடவிட்டான். வீட்டுக் குளிர்பெட்டியிலிருந்து பிம்முடைய சிவப்பு சோடாவை எடுத்து வந்து, திறந்து, குழல் போட்டு, வேனின் படியில் வைத்தான். பக்கக் கதவை முழுக்கத் திறந்து விலகி நின்றான். அப்புறம், அனோங் ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்வது ஞாபகம் வந்தது. அதையே, அவளுடைய ராகத்திலேயே சொன்னான்.

“வீடு வந்தாச்சு கண்ணு. இறங்கு.”

ஒன்றும் நடக்கவில்லை. கூரையிலிருந்து சொட்டுகள் விழுந்தன. பிறகு, கடைசி ஜன்னலின் ஆவி ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கரைந்து, ஒரு காசளவு ஆகி, இல்லாமல் போனது. வேன் அதன் சக்கர ஸ்பிரிங்குகளில் லேசாக, மிக லேசாக எழுந்தது.

கதவைச் சாத்தினான்.

எஞ்சின் சீராக ஓடியது.

அவன் காத்திருந்தான். வேகம் கூட்டினான், குறைத்தான். கரும்புகை இல்லை. கருவியின் எண்கள் அசையாமல் நின்றன. நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி அணைத்து, கை சுட ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். முனை வெளிர்ப் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தது. இருக்கவேண்டிய நிறம். கண் கலங்கியது. படியில் இருந்த சோடாவை எடுத்து வாசல் செடிக்குக் கீழே ஊற்றிவிட்டுக் கைகூப்பினான்.

“அனோங், முடிஞ்சுது. யாருக்கும் போன் பண்ண வேணாம்.”

“எங்க இருந்து குடிச்சுதாம்?” சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“காத்துதான் போதலை. சரி பண்ணிட்டேன்.”

“சரி பண்ண கையோட வீட்டுக் கதவை யார் சாத்துவா? சோடா எடுக்க வந்தவர் பப்பரக்கான்னு திறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க. சாரல் பூரா உள்ள வந்துடுச்சு. எல்லாத்தையும் நானே சாத்தினேன்.”

அவன் சிரித்துக்கொண்டே கைகழுவி உள்ளே போனான். மழையோடு எல்லா ஜன்னலும் மூடியிருந்ததால் வீட்டுக்குள் புழுக்கமாக இருந்தது. அடுப்பில் மூங்கில் கூடையில் பசையரிசி வெந்துகொண்டிருந்தது. அனோங் கரித்துணியோடு நின்றாள்.

“சிலிண்டர் தீரப்போகுது போல. பாருங்க, பானை அடி எப்படிக் கரி பிடிச்சிருக்குன்னு.”

அவன் பார்த்தான்.

அடுப்பு நீலமாக எரியவில்லை. மஞ்சள். நீள நீளமான, சோம்பலான மஞ்சள் நாக்குகள். நுனியில் கரி. சிலிண்டர் தீர்ந்தால் தீ சிறுக்கும், இப்படி எரியாது. காற்று போதாத நெருப்புதான் இப்படி எரியும்.

நாக்குகள் உயர்ந்தன. தணிந்தன. உயர்ந்தன.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும்.

கூடத்து ஜன்னல்களைப் பார்த்தான். எல்லாக் கண்ணாடியிலும் ஆவி. மேலே இல்லை. கீழே, ஒரு பிள்ளை நின்றால் வாய் எட்டுகிற உயரத்தில்.

இங்கே வேறு வீடு கிடையாது. ‘வீடு வந்தாச்சு’ என்றுதான் அவன் அதனிடம் சொன்னான்.

“என்னங்க ஆச்சு?”

அவன் ஓடினான். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தான். வாசல் கதவைத் திறந்தான். பின்கதவைத் திறந்தான். மழைக்காற்று குளிர்ந்து உள்ளே வந்தது.

“பைத்தியமா உங்களுக்கு? இப்பதான சாத்தினேன்.”

“அடுப்பைப் பாரு. நீலமா எரியுதா?”

“இல்ல. அப்படியேதான் இருக்கு.”

எல்லாம் திறந்திருந்தது. இன்னும் எது மூடியிருக்கிறது.

“பிம் எங்க?”

“தூங்குறா. சாப்பிட வான்னு எழுப்பினேன், எழுந்திரிக்கல.”

சின்ன அறை. கட்டில். பிம் மல்லாந்து கிடந்தாள். கன்னங்கள் செக்கச்செவேல் என்றிருந்தன. நெற்றி, கழுத்து, சட்டை எல்லாம் வேர்வையில் நனைந்து, நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டிக்குள்ளிருந்து எடுத்த மாதிரி. மூடிய இமைகளின் ஓரத்திலும் ஈரம். உதடு மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

“பிம்.”

அசைவில்லை.

“பிம்மு. கண்ணு.”

உள்ளங்கையை அவள் வாய்க்கு மேலே கொண்டுபோனான்.

இழுத்தது.

அவன் காத்திருந்தான். விடவேண்டும். வெதுவெதுப்பாக விரல் சந்துகளில் படவேண்டும்.

இழுத்தது.

இன்னும் இழுத்தது.

அறை வாசலில் வந்து நின்ற அனோங் சுற்றிலும் பார்த்தாள். வெளியே காற்று நின்றுபோயிருந்தது. மழை நேர்க்கோடாக விழுந்தது. திறந்த ஜன்னல்களின் திரைகள் எல்லாம், பூப்போட்ட மெல்லிய திரைகள், கட்டிலை நோக்கிச் சாய்ந்து, விழாமல், அப்படியே நின்றன.